மழை ஓடும் வழியில் பாடம்: ஏரிக்கரைக் கற்றல் மையம் நடத்துகிறவர்களுக்கு

விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம், ஊரார் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நீர்ப்பிடிப்புக் கற்றல் மையத்தில் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், ஏரிக்கரையை ஒட்டி அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான செம்மண் சரிவு, ஒரு வேப்பமரம். மையம் என்றால் இவ்வளவுதான். எங்கள் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரித் தண்ணீர் வழிவதற்காகக் கரையில் தாழ்வாக விட்ட இடம்) வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படியே இறங்கி இறங்கிக் கழுவெளி என்ற கடலோரச் சதுப்பு ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போய்விடும். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட பிறகு, சுற்று ஊர்களில் இதுபோல ஒரு மையம் தொடங்க நினைப்பவர்கள் வந்து கேட்கிறார்கள்: என்ன கட்டணும், எங்கே ஆரம்பிக்கணும், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் என்ன செய்யணும்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் கண்டது ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மையத்தில் செய்யும் ஒவ்வொரு சீரமைப்பும் மழைத்தண்ணீர் தொட்டுப் போகிற ஒன்றாக இருக்கட்டும். எங்கே செய்வது, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்பதைப் பிள்ளைகள் அளந்து சொல்லட்டும். எல்லாம் கட்டி முடித்த இடத்தைச் சுற்றிக் காட்டினால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். தாங்கள் கோடு போட்ட வரப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க, மழை விட்ட மறுநிமிடம் பிள்ளைகள் தாங்களாகவே ஓடி வருவார்கள்.

முதல் வேலை: மழையில் ஒரு நடை

நிதி கையில் இருந்தாலும், ஒரு நல்ல மழை பார்க்கும் வரை எதையும் கட்ட வேண்டாம். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் அடிக்கும் வெப்பச்சலன மழையே இந்த நடைக்குப் போதும். இடி, மின்னல் முழுதும் அடங்கி, தூறலாக ஆனதும் குடையோடு வெளியே வாருங்கள். தண்ணீர் எங்கே கூரையிலிருந்து விழுகிறது, எங்கே ஒன்றுசேர்ந்து ஓடையாகிறது, எங்கே மண்ணை அறுக்கிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் நம் எல்லையைத் தாண்டிப் போகிறது என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டு, அதில் துணிக் கிழிசல் கட்டச் சொல்லுங்கள். அறுக்கும் இடத்துக்குச் சிவப்பு, தேங்கும் இடத்துக்கு நீலம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மறுநாள் வெயிலில், அந்தக் குச்சிகளை வைத்துத் தரையிலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். பிறகு அதைப் பார்த்துத் தாளில் வரையட்டும். இந்த வரைபடம்தான் மையத்தின் திட்ட வரைபடம். பாதை எங்கே, மரம் எங்கே, குழி எங்கே என்ற வாதம் எல்லாம் இதன் முன்னால் உட்கார்ந்து நடக்கட்டும். எங்கள் இடத்தில் வாசலுக்கு நேராகப் பாதை போடத்தான் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். சிவப்புத் துணி அத்தனையும் அந்த வழியிலேயே வரிசையாக நின்றதைப் பார்த்ததும், பாதையை வேப்பமரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனோம்.

மூன்று சவுக்குக் கழியில் ஒரு மட்டக்கருவி

சரிவான இடத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் சம உயரக் கோடு, அதாவது ஒரே மட்டத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு, தெரிய வேண்டும். கொத்தனார் டியூப் லெவல் வைத்துச் சட்டென்று பார்த்துவிடுவார். ஆனால் பிள்ளைகளுக்கு ஏ-சட்டம்தான் சரி. ஏழடி நீளத்தில் இரண்டு சவுக்குக் கழி. மேல் முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்கே மூன்றாவது கழியைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கல். முடிந்தது.

இதைச் சரிபார்க்கும் விதம்தான் இதில் உள்ள நல்ல பாடம். இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டு, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் கரிக்கோடு போடுங்கள். அப்புறம் சட்டத்தைத் திருப்பி, வலது கால் இருந்த முளையில் இடது காலை வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். ஏன் நடுப்புள்ளி என்று உடனே சொல்லிவிட வேண்டாம். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, யாராவது ஒருவர் "ரெண்டு பக்கமும் தப்பு ஒரே அளவுதானே" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காத்திருப்பது நல்லது.

பிறகு சட்டத்தைச் சரிவில் 'நடத்திக்கொண்டே' போங்கள். ஒரு கால் அப்படியே நிற்க, மறுகாலை மேலும் கீழும் நகர்த்திக் கயிறு நடுவில் நிற்கும் இடத்தில் ஒரு முளை. நூறடி போனால் முளைகள் வளைந்து வளைந்து ஒரு கோடாக நிற்கும். நேர்கோடாக வராது, வரவும் கூடாது. நிலத்தின் உடம்பு எப்படியோ கோடும் அப்படித்தான்.

இந்தக் கோட்டில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கரையாகப் போட வேண்டும். தோண்டுவது பெரியவர்கள் வேலை, கோடு பிள்ளைகள் வேலை. நீளமாக ஒரே பள்ளமாக எடுக்காமல் பத்தடிக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக எடுங்கள். எங்காவது மட்டம் பிசகியிருந்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக் கரையை உடைக்காது. ஒவ்வொரு துண்டிலும் உபரித் தண்ணீர் வழிய, கல் பரப்பிய ஒரு சின்னக் கலங்கல் விடுங்கள். எங்கள் செம்மண்ணில் செங்குத்தாக வெட்டினால் ஒரு மழையிலேயே சரிந்துவிடும், அதனால் பக்கங்களைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். கரையில் வெட்டிவேர் நட்டால் மண் பிடித்துக்கொள்ளும். நேர் பக்கமாக வெட்டினால் பத்தடித் துண்டு 30 கன அடி. அதாவது சுமார் 850 லிட்டர். சாய்வுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

கூரையும் மழைமானியும்

மழைமானிக்குக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றின் மேல் பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனலாக உள்ளே வையுங்கள். அடியில் வளைவு இருக்கும் உயரத்துக்குக் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து மில்லிமீட்டர் அளவை ஒட்டுங்கள். திறந்த வெளியில், பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு பங்கு தள்ளி வைக்க வேண்டும். காற்றில் சாயாமல் இருக்க ஒரு மண்தொட்டியில் புதைத்துவிடலாம். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு எடுங்கள். வானிலைத் துறையும் எட்டரைக்கு எட்டரைதான் ஒரு நாள் என்று கணக்கு வைக்கிறது. அப்போதுதான் நம் எண்ணையும் செய்தியில் வரும் எண்ணையும் ஒப்பிட முடியும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். எங்கள் கூரை 60 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 1200 லிட்டர். தெறிப்பும் ஒழுக்கும் போனால் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு வரும். இப்போது ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் அந்த ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. எங்கள் பக்கம் வருஷம் முழுதும் பெய்வதில் கிட்டத்தட்டப் பாதி. அந்த மழை எங்கள் கூரை மேல் பெய்திருந்தால் 30,000 லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி மூன்று. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் கூடம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பிறகு ஒரு பிள்ளை கேட்கும்: "எங்க வீட்டுக் கூரைக்கு எவ்ளோ?" அன்றைக்கு வீட்டுப்பாடம் அதுதான்.

புயல் வெள்ளம் கூடத்தில் ஏறிய மட்டத்தைச் சுவரில் நீலக்கோடாகப் போட்டு, தேதியும் எழுதி வைத்திருக்கிறோம். பெயின்ட் செலவு சொற்பம். ஆனால் மையத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கோட்டைப் பற்றித்தான். உங்கள் ஊரிலும் வெள்ளம் நினைவில் இருக்கிற பெரியவர்களைக் கூப்பிட்டு மட்டத்தைக் காட்டச் சொல்லிக் கோடு போடுங்கள். ஃபிளெக்ஸ் பேனருக்குச் செலவழிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பதானால் முதல் மழையின் அழுக்கை ஒதுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது ஒதுக்குங்கள். எங்கள் கூரைக்கு 30 லிட்டர். தொட்டிக்குப் போகும் குழாய்க்கு முன்னால் ஆறங்குலக் குழாய் ஒன்றை இரண்டு மீட்டருக்குச் செங்குத்தாகக் கீழே இறக்கி, அடியில் மூடி போட்டால் அது சுமார் 35 லிட்டர் பிடிக்கும். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து வடித்துவிடும் பொறுப்பை வாரம் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். தொட்டி வாய்க்கு நெருக்கமான கொசுவலை கட்டாயம். இந்தத் தண்ணீர் செடிக்கும் கைகழுவவும் இருக்கட்டும், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: முற்றத்தில் ஓடும் கலங்கிய தண்ணீரை நேராக போர்வெல்லுக்குள் இறக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலத்தடி நீர் கெட்டால் மீட்பது ரொம்பக் கஷ்டம்.

தரையில் ஒரு ஏரிச் சங்கிலி

மையத்தில் எதை விட்டாலும் விடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள் என்று நான் சொல்வது இந்த விளையாட்டைத்தான். சரிவில் அன்னக்கூடை அளவுக்கு நான்கு குழிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தோண்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் களிமண்ணால் கரை, ஒரு பக்கம் மதகாக ஒரு துண்டுக் குழாய், கரை முனையில் கொஞ்சம் தாழ்வாகக் கலங்கல். மேல் குழியின் கலங்கலிலிருந்து கீழ்க் குழிக்கு விரலளவு வரத்துக் கால்வாய். உள்பக்கம் களிமண் பூசினால் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். ஒவ்வொரு குழியின் மதகுக்குக் கீழேயும் கை அகலத்தில் கழனி. கேழ்வரகு விதைத்தால் ஒரு வாரத்தில் பச்சை தெரியும்.

குழிக்கு ஒரு குழு, அதாவது நான்கு ஊர். மேலே பூவாளியால் மழை. முதல் ஏரி நிரம்பிக் கலங்கல் போகும்போது வரும் கூச்சலைக் கேட்க வேண்டும். அடுத்தது நிரம்பும், அடுத்தது. நான்காவதற்கும் தண்ணீர் எட்டியதும் நிறுத்திவிட்டு, இரண்டாவது ஏரியின் வரத்துக் கால்வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகுங்கள். மறுபடி மழை. தண்ணீர் கால்வாயை விட்டுப் பக்கத்தில் பாய்ந்து 'தெரு'வுக்குள் போகும், கீழே மூன்று ஏரியும் காயும். ஒரே அடைப்பில் ஒரு ஊருக்கு வெள்ளம், இன்னொரு ஊருக்கு வறட்சி. நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான்காவது ஊர்க்காரர்கள் மேலே ஏறி வந்து சண்டை போடுவார்கள், பாடம் அங்கே தானாக நடக்கும். அடுத்த சுற்றில் முதல் ஊர் தன் கலங்கலை உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும். அதற்கடுத்த சுற்றில் ஒரு ஏரிக்குள் வீடு கட்டிப் பார்க்கட்டும்.

இந்த விளையாட்டு முடிந்த மறுநாள் நிஜ வரத்துக் கால்வாய்க்கு நடந்து போங்கள். முந்தின நாள் பார்த்ததை எல்லாம் பிள்ளைகள் அங்கே பார்ப்பார்கள்: கால்வாயில் குப்பை, நடுவில் மின்கம்பம், வேலிக்காத்தான் புதர், மண் மேடு. ஒவ்வொன்றையும் காலடி எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும்.

முடிந்தால் அன்றைக்கு ஊரின் பழைய நீர்க்கட்டியை, அதாவது மதகைத் திறந்து மூடிக் கழனிகளுக்குத் தண்ணீர் பங்கிட்டவரை, உடன் வரச் சொல்லுங்கள். எங்களோடு வருகிற தாத்தாவிடம் ஒரு பெண் கேட்டாள்: "தாத்தா, ஏரியில தண்ணி இருந்தா மதகைத் தொறந்திடுவீங்களா?" அவர் மதகுக் கல்லில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி இருக்குன்னு தொறக்க மாட்டோம் கண்ணு. பயிரு கேக்கணும், அப்பதான் தொறப்போம். தண்ணி கொறைஞ்சா மொறை வெச்சுடுவோம்." பயிர் கேட்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவளே அடுத்து கேட்டாள். அவர் கழனிக்கு இறங்கி, மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கி, அது உதிர்கிற விதத்தைக் காட்டினார். அவரை மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். மதகுப் பக்கம் நிறுத்திவிட்டால் பொழுது போவது தெரியாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். இதுபோன்றவர்களுக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுத்து, பிள்ளைகள் முன்னால் மரியாதை செய்யுங்கள்.

மண்ணும் உப்பும்

ஆறங்குலக் குழாயில் ஓரடித் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டங்குலம் மண்ணில் இறங்கும்படி மரக்கட்டை வைத்து அடியுங்கள். ஒரு தடவை தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு, மறுபடி ஊற்றி, அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஆடுகளம், வேப்பமரத்தடிச் சருகு, புதிதாகப் போட்ட கரை மூன்றிலும் செய்தால், மிதிபட்ட தரையில் தண்ணீர் அசையாமல் நிற்பதும் சருகடியில் சட்டென்று உள்ளே போவதும் கண்ணுக்குத் தெரியும். இதைப் பார்த்த பிறகு சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் எங்கள் மையத்தில் நின்றுவிட்டது.

கழுவெளியை ஒட்டிய ஊர்களில் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது, விலை அதிகமில்லை. ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, அளந்து, ஊர் வரைபடத்தில் அந்தந்தத் தெருவில் எண்ணை எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அதிகமாக இறைத்தால் கடலோர மணற்பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறது என்பதை, ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரையிலும் தையிலும், எடுக்கும் இந்த எண்களே காட்டிக்கொடுக்கும். மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். எண் குறைவாக இருக்கிறது என்று யாரும் ஏரித் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது.

மரத்தைப் பற்றி நிறைய எழுத இடமில்லை. நிழலுக்குப் புங்கன், பூவரசு, வேலிக்கு நொச்சி, கரையோரம் பனை. பனங்கொட்டையைப் புரட்டாசியில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். பறவைக்கு மார்கழி, தை. நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, தாழைக்கோழி என நான்கை அடையாளம் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போகும் முன்

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீர் நிரம்பிய பிறகு வெளியே தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆள் உயரப் பள்ளமாக இருக்கும். இப்படிப் பள்ளத்தில் போன பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. ஆகவே கோடையில், ஏரி வறண்டிருக்கும்போதே பிள்ளைகளோடு ஏரியின் உள்பக்கத் தரையில் நடந்து பள்ளங்களை வரைபடத்தில் குறியுங்கள். மழைக்காலத்தில் கரையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. கலங்கல் போகும்போது அதன் மேல் நடக்கவே கூடாது, எவ்வளவு மெல்லிசாக வழிந்தாலும் பாசி வழுக்கும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையில் நீளக் கயிறும் காற்றடைத்த காலி கேனும். யாராவது விழுந்தால் குதிக்காமல் கயிற்றில் கட்டிய கேனை வீசுவதை, எல்லோரையும் முற்றத்தில் பழக வையுங்கள். இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள். வெள்ளம் வடிந்த சேற்றில் வெறுங்காலோடு வேலை வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் உள்ள பிள்ளை அன்றைக்குக் குறிப்பேடு எழுதட்டும்.

அனுமதி, குறிப்பேடு, கிராம சபை

மையத்தின் எல்லைக்குள் நீங்கள் செய்வது உங்கள் விருப்பம். ஏரிக்குள்ளோ கரையிலோ ஒரு கூடை மண்ணைத் தொடுவதானாலும் யாருடைய ஏரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு (அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நாற்றங்காலுக்கு வண்டல் வேண்டுமென்றால் விவசாயிகளோடு சேர்ந்து தாசில்தாரிடம் விண்ணப்பிக்கலாம்.

மழை அளவு, ஏரியின் அளவுகோல் கல்லில் தெரியும் அடிக்கணக்கு, கலங்கல் போன நாள், உப்பு எண், கால்வாய் அடைப்புகள் எல்லாம் ஒரே நீளமான பேரேட்டில் இருக்கட்டும். எழுதிய பிள்ளையின் கையெழுத்து ஒவ்வொரு வரியிலும் வேண்டும். செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் மாறினால் போய்விடும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபைக்கு இந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு பெற்றோரோடு போங்கள். 'எங்கள் கால்வாயைத் தூர்வாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். 'மதகிலிருந்து 340-ஆவது காலடியில் சிறுபாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது, கார்த்திகை மழையில் இந்தத் தேதியில் தண்ணீர் இந்தத் தெருவுக்குள் திரும்பியது' என்று ஒரு பிள்ளை வாசிக்கட்டும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், எழுதியதும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேரேட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் அந்த எண்ணைச் சொல்லியே என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டுமானால் ஆகஸ்ட்தான் கடைசி வாய்ப்பு, அக்டோபர் 2 வரை தள்ளிப்போட வேண்டாம்.